முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே

தையல் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. அளவு எடுக்கும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. போன வருஷம் முப்பத்திரண்டாக இருந்த இடுப்பு இந்த வருஷம் முப்பத்தாறாகியிருந்தாலும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, "துணி நல்ல துணிங்க" என்று பேச்சைத் திருப்ப வேண்டும். "கொஞ்சம் பெருத்துட்டீங்க" என்று உளறிய தையல்காரியிடம் அந்தப் பெண் மறுபடி வரமாட்டாள். வாய் நீளம் என்று குடும்பத்தில் பேர் வாங்கியவள் நான். நாடா கையில் இருக்கும்போது மட்டும் ஊமை. இருபத்தாறு வருஷமாக இப்படித்தான்.

அந்த மரியாதைக்கும் என் நாத்தனாரின் முதுகெலும்புக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொல்வார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

நாத்தனாரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவருக்கு மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஐம்பத்தெட்டு வயது. என் கணவர் இறந்து மூன்று வருஷமாகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இப்போது வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருக்கிறார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. சண்டை போட எங்களுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். அவர் போன பிறகு அடுப்பு பாதி நாள் எரிவதில்லை. காலையில் டீயும் பன்னும். இரவிலும் டீயும் பன்னும். இரண்டு பேருக்காக யார் சட்டி வைப்பது என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்காவுக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் வேலை. மருந்தாளர் படிப்பு படித்தவள். கடையே அவள் பொறுப்பில்தான் ஓடுகிறது. காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை ட்யூப் லைட் வெளிச்சத்தில் நிற்பாள். சீட்டை வாங்கி மாத்திரையை எண்ணிக் கொடுக்கும்போதே, "கால்சியம் மாத்திரையை டீயோட போடாதீங்க, உடம்புல சேராது. சாப்பாட்டோட போடுங்க. கொஞ்சம் வெயில்ல நில்லுங்க" என்று அறிவுரையும் சேர்த்துக் கொடுப்பாள். ஊருக்குத்தான் உபதேசம். அவளுக்கு வெயில் படுவது வாரத்தில் ஒரு நாள், கொடியில் துணி காயப்போடும்போது.

ஒவ்வொரு வருஷமும் முதல் மாதத்தில் அவளுக்கு இரண்டு வெள்ளைக் கோட்டு தைப்பேன். கடை முதலாளி ஒரு விதி வைத்திருந்தார்: கோட்டின் விளிம்பு முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். பழைய கோட்டுகளைக் கிழித்துக் கடை அலமாரி துடைக்கக் கொடுத்துவிடுவாள். முதல் வருஷமே இன்னொன்றும் கேட்டாள். உள்பக்கம் இடது மார்புக்கு நேரே ஒரு சின்னப் பை, ஒரு மாத்திரை அட்டை நுழையும் அளவுக்கு.

"எதுக்கு அக்கா?"

"மூச்சுக்கு. இழுப்பு வந்தா ஒண்ணு போட்டுக்குவேன்."

இழுப்பு வந்தால் என்றுதான் சொன்னாள். தினமும் போட்டாள். சின்ன வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததல்ல. கடைக்கு வருகிறவர்களிடம் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைத் தரவே மாட்டாள், வாசலோடு திருப்பி அனுப்புவாள். தனக்கு மட்டும் தானே டாக்டர். எனக்கு அது தெரியும். பை நைந்துபோனால் அடுத்த கோட்டில் இன்னும் கெட்டித் துணியில் வைத்துத் தைத்தேன்.

முதல் நான்கு வருஷம் கோட்டின் நீளம் முப்பத்தெட்டு அங்குலம். ஐந்தாம் வருஷம் முப்பத்தெட்டுக்கு வெட்டினால் விளிம்பு கால் அங்குலம் கீழே இறங்கியது. கால் அங்குலம்தானே, வெட்டிவிட்டேன். அப்புறம் இன்னொரு கால். முன்பக்கம் தொங்கத் தொடங்கியது, பின்பக்கம் தூக்கிக்கொண்டது, பிடரியில் கழுத்துப்பட்டி விலகி நின்றது. ஆள் முன்னால் குனிகிறாள் என்று என் நாடாவுக்குப் புரிந்தது. முன்பக்கத்தைக் குறைத்தேன், பின்பக்கத்தைக் கூட்டினேன், பிடரிக்குக் கீழே டார்ட் என்கிற தையல் மடிப்பு இரண்டு பிடித்து, முதுகின் வளைவை அதற்குள் உட்கார வைத்தேன். போட்டுப் பார்த்தால் கோட்டு பலகைபோல நேராக நிற்கும். முழங்காலுக்குச் சரியாக இரண்டு விரல் கீழே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். வெள்ளைத் துணியில் ஒரு கூனை மறைக்க முடியும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆறு வாரத்துக்கு முன் கடையில் இருமல் மருந்துப் பெட்டி ஒன்றைத் தரையிலிருந்து தூக்கியிருக்கிறாள். நடு முதுகில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டதாம். கீழே விழவில்லை, இடித்துக்கொள்ளவில்லை. பிடிப்பு என்று நினைத்துக் கடையிலிருந்தே தைலம் எடுத்துவந்து என்னைத் தடவச் சொன்னாள். மூன்று வாரம் தடவினேன். ஒரு காலை குளியலறை முக்காலியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. சோப்பு நுரையோடு உட்கார்ந்து, "டெய்லரம்மா, கொஞ்சம் வா" என்று அமைதியாகக் கூப்பிட்டாள். நான் போய்த் துண்டைச் சுற்றித் தூக்கினேன். பயம் வரவில்லை. அவர் இறந்த நாளிலிருந்தே எனக்கு அப்படித்தான். மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி எல்லாவற்றையும் செய்துவிடுவேன். தரை மட்டும் தெரியாது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டினார். நடுத்தர வயதுப் பெண், வேகமாகப் பேசுகிறவர். அடுக்கி வைத்த பெட்டிகளில் ஒன்று நசுங்கியதுபோல் முதுகெலும்பில் ஒரு கட்டை முன்பக்கம் சப்பையாக இருந்தது.

"பெட்டி தூக்கினதுக்கெல்லாம் இது உடையக் கூடாதும்மா. எலும்பு பலமில்லாம இருந்தாதான் இப்படி ஆகும். வலி எப்போலேருந்து?"

"மூணு வாரம்" என்றாள் அக்கா.

"ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது ரொம்ப நாளா சாப்பிடுறீங்களா?"

"இல்ல."

"உயரம் குறைஞ்ச மாதிரி இருக்கா?"

"இல்ல டாக்டர். வருஷா வருஷம் கோட்டு தைக்கிறேன். பதினோரு வருஷமா அதே முழங்கால்லதான் நிக்குது. இதோ, தைக்கிறவளே உக்காந்திருக்கா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். இரண்டும் வாய்க்குள்தான் இருந்தன. இருபத்தாறு வருஷப் பழக்கம், உதடு பிரியவில்லை.

டாக்டர் அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் இடம் கிடைத்தது. "அதுவரைக்கும் கால்சியம், வைட்டமின் டி, நல்ல சாப்பாடு. ஸ்டீராய்டு சாப்பிடுறவங்களா இருந்து, உயரமும் குறைஞ்சிருந்தா கதையே வேற. ஸ்கேனுக்குக் காத்திருக்க மாட்டேன், இன்னைக்கே பெரிய மருந்தா ஆரம்பிச்சிருப்பேன். அடுத்தது இடுப்பெலும்பு போச்சுன்னா படுக்கைதான், புரியுதா? நீங்கதான் ரெண்டுமே இல்லங்கறீங்களே." அக்கா தலையாட்டினாள்.

பக்கத்து அறையில் உணவு ஆலோசகர் ஒரு காகிதம் கொடுத்தார். பால், தயிர், எள், கீரை, முட்டை, பருப்பு, முள்ளோடு மென்று சாப்பிடும் சின்ன மீன். "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். "டீ, பன்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். "எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து மட்டும் போதாது, புரதமும் வேணும். ரெண்டு பேருமே சாப்பிடணும்" என்று சொல்லி எனக்கும் ஒரு காகிதம் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அக்கா சொன்னாள், "பன்னண்டு வருஷமா சீட்டில்லாம நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லவா? கடைக்குத் தெரிஞ்சா என்னை நிக்க விடுவாங்களா? திடீர்னு நிறுத்தவும் கூடாது அது, ஆளையே சாச்சுடும். விடு."

விட்டுவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாதவள் என்ன செய்வாள்? சமைப்பாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அடுப்பு மூன்று வேளையும் எரிந்தது. எள்ளை வறுத்துப் பொடித்தேன். கீரை ஆய்ந்தேன். முட்டை அவித்தேன். சின்ன மீனை முள் நொறுங்குகிற வரை வேகவைத்தேன். மாத்திரையைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். டீயோடு விழுங்கப் போனவளின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினேன். காலையில் பின்வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார வைத்தேன்.

"வைத்தியனுக்குக் கொடுக்கிறதை வாணியனுக்குக் கொடுங்கறது சரிதான்" என்றாள் அக்கா, வாய் நிறையக் கீரையோடு. "அதுக்காக என்னைப் பொங்கலுக்கு வளக்கிற ஆடு மாதிரி தீனி போடாதே."

பதினைந்து நாளில் வலி குறைந்தது. உடைந்தது தானாக ஒட்டியிருக்கும் என்று முடிவுகட்டிவிட்டாள். "ஸ்கேன் வேண்டாம், தேதியை யாராவது தேவைப்பட்டவங்க எடுத்துக்கட்டும். திங்கக்கிழமை கடைக்குப் போறேன். சரக்கு வந்து கிடக்கு, புதுப் பொண்ணுக்கு அடுக்கவே தெரியல. எனக்கு ஒரு கோட்டு தைச்சிடு, பழசு ரெண்டும் தைல வாடை அடிக்குது. அதே அளவுதான். உள்பை மறந்துடாதே."

"அளவு எடுத்துடறேன்" என்றேன்.

நின்றாள். நாடாவைப் பிடரி எலும்பில் வைத்து முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே இறக்கினேன். முப்பத்தி நாலே முக்கால். கடைசியாகக் கோட்டு தைத்தபோது முப்பத்தைந்தரை. குறிப்பேட்டில் எழுதினேன். எழுத்துகூடக் கோணவில்லை. இவள் திங்கட்கிழமை பெட்டி தூக்குவாள், நான் அதற்கேற்ற மாதிரி முக்கால் அங்குலம் குறைத்துத் தைத்துக் கொடுப்பேன், அடுத்த தடவை இவளைக் குளியலறையில் தரையிலிருந்து அள்ளுவேன். கோட்டு மட்டும் நேராக இருக்கும். இதையெல்லாம் நான் நினைத்தது கொஞ்சமும் பதறாமல்தான். பதறியிருந்தால் அப்போதே வாய்விட்டுக் கத்தியிருப்பேன்.

மேசையில் துணியை விரித்தேன். சுண்ணாம்புக் கட்டியை எடுத்தேன். குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, அதில் இருந்த அளவுக்குக் கோடு போட்டேன். நீளம் முப்பத்தெட்டு. முன்னும் பின்னும் சமம். டார்ட் கிடையாது. உள்பை கிடையாது. சனிக்கிழமை மதியத்துக்குள் பொத்தானும் கட்டி முடித்தேன்.

சாப்பிட்ட பிறகு அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர்களுக்காக முன்னறையில் வைத்திருக்கும் ஆளுயரக் கண்ணாடி முன் நின்றாள். முன்விளிம்பு கணைக்காலில் இடித்தது. பின்விளிம்பு அதற்கு ஒரு சாண் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கழுத்துப்பட்டி பிடரியை விட்டு விலகி வாய் பிளந்திருந்தது. பொத்தான்களுக்கு நடுவே துணி மடிந்து வயிற்றில் குவிந்தது. மேல்முதுகில் மட்டும் இறுக்கிப் பிடித்து, இத்தனை வருஷம் நான் ஒளித்து வைத்த மேடு முழுசாக வெளியே தெரிந்தது.

"என்னடி இது? யாரோட கோட்டை எனக்கு மாட்டி விட்டே?"

"உங்களோடதுதான் அக்கா. பதினோரு வருஷத்துக்கு முந்தின அளவு."

பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொட்டாள். உள்பை இருக்கும் இடத்தில் விரலை நுழைக்கப் பார்த்தாள், துணி வழுக்கியது. முகத்தில் கோபம் ஏறுவதைக் கண்ணாடியில் பார்த்தேன். ஏறட்டும் என்று இருந்தேன்.

"எப்போலேருந்து தெரியும் உனக்கு?"

"முதல் கால் அங்குலத்துலேருந்து."

"வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

குறிப்பேட்டை எடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தியின் அளவை அவள் முகத்துக்கு நேரே வாய்விட்டு வாசித்தேன். "முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. முப்பத்தி ஏழே முக்கால். முப்பத்தி ஏழே முக்கால். முப்பத்தி ஏழரை. முப்பத்தி ஏழே கால்." அடுத்த வரியில் நின்றேன்.

"வாசி."

"முப்பத்தாறு."

"அது எந்த வருஷம்?"

"அவர் போன வருஷம்."

நான்தான் பேசினேன். பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "ஒரே வருஷத்துல ஒண்ணேகால் அங்குலம். நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் அக்கா. அப்புறம், தம்பி போன துக்கத்துல குனிஞ்சுட்டாங்கன்னு நெனச்சேன். நானே அப்போ நேரா நிக்கல. துக்கத்தை எப்படி அளவா சொல்லிக் காட்டுறதுன்னு அந்த வருஷம் ரெண்டு டார்ட் சேத்துப் பிடிச்சேன்."

அவர் இறந்த நாலாம் நாள் அக்கா படுத்தாள். ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். புரண்டு படுக்கும்போது முனகுவாள். சாப்பாடு வேண்டாம் என்பாள். வந்தவர்கள் எல்லாரும், கூடப் பிறந்தவள் இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் பொறாமையாகக்கூட இருந்தது. பெண்டாட்டி நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இவளுக்கு எவ்வளவு துக்கம் என்று.

அக்கா அந்தக் கோட்டோடு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். "அன்னைக்கு அவனைத் தூக்கிக் கட்டில்ல போட்டோமே, ஆஸ்பத்திரிலேருந்து கொண்டுவந்தப்போ" என்றாள். "நான் கால் பக்கம் பிடிச்சேன். அப்பவே முதுகுல டக்குன்னு ஒண்ணு கேட்டுச்சு. இப்போ பெட்டி தூக்கினப்போ கேட்ட அதே சத்தம்."

"ஏன் அக்கா சொல்லல?"

"தம்பி செத்துக் கிடக்கிற வீட்டுல, எனக்கு முதுகு வலிக்குதுன்னு எப்படிடி சொல்றது?"

நான் குறிப்பேட்டை மூடினேன். கண் கரித்தது. மூன்று வருஷத்தில் முதல்முறை. அழுகை என்று சொல்ல முடியாது, அதற்கு முந்தியது. அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடமே நீட்டினாள். குடித்தேன்.

ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலை கடைக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வேறு உடுப்பு மாற்றிக்கொள்ளச் சொன்னேன், கேட்கவில்லை. அந்தக் கோட்டோடேயே வந்தாள். தெருவில் முன்விளிம்பு காலில் தட்டிக்கொண்டே வந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "பாக்கட்டும், தைச்சவ பேரை மட்டும் கேக்காம இருந்தா சரி" என்றாள். உள்பை இல்லாததால் மாத்திரை அட்டையைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அந்த அட்டையை மேசைமேல் வைத்தாள். "பன்னண்டு வருஷம். தினமும் ஒண்ணு. நானே எடுத்துக்கிட்டது." பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். குறிப்பேட்டைப் பிரித்து டாக்டருக்கு முன்னால் வைத்தேன். டாக்டர் விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே கீழே இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது. பழைய தாளைத் தள்ளி வைத்துவிட்டுப் புதிய தாள் ஒன்றை எடுத்தார்.

"மறுபடி முதல்லேருந்து கேக்கிறேன்மா" என்றார். "வலி எப்போலேருந்து?"

"மூணு வருஷம்" என்றாள் அக்கா.